உள்ளூர் மாடு விலை போகாதா?

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவன்)

"கல்விச் சுற்றுலா" என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டிய மறுகணமே நம் கல்லூரியில் இரண்டு கட்சிகள் தோன்றிவிடும். ஒன்று மைசூர்க் கட்சி, மற்றொன்று கொடைக்கானல் கட்சி. சிலர் மெல்லிய குரலில் கேரளத்தைச் சொல்லிப் பார்ப்பார்கள். அவர்களுக்கு டெபாசிட்டும் கிடைப்பதில்லை. எந்தக் கட்சி வென்றாலும் விடிவதற்குள் பேருந்து நம் ஊர் எல்லையைத் தாண்டியாக வேண்டும் என்பதில் மட்டும் அனைவருக்கும் ஒத்த கருத்து உண்டு. "திருப்பூரில் பார்க்க என்னடா இருக்கிறது, பனியனைத் தவிர?" என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்தக் கேள்விக்கு விடை சொல்வதே என் நோக்கம். மைசூர் அரண்மனையின் மீது எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் வரலாறு என்பது பேருந்தில் ஆறு மணி நேரம் போனால்தான் தொடங்கும் என்ற எண்ணத்தை நம் தலைக்குள் யார் புகுத்தினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. உள்ளூர் மாடு விலை போகாது என்பது நம் பக்கத்துப் பழமொழிதான். ஆனால் காங்கயம் காளையை உலகுக்குத் தந்த மண்ணில் இருந்துகொண்டு இந்தப் பழமொழியைச் சொல்வது சிரிப்புக்கு இடமானது அல்லவா?

முதலில் கொடுமணல். நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே இருக்கிற சிற்றூர் அது. ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்தது என்றாலும் நம் ஊரிலிருந்து கிழக்கே புறப்பட்டால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று பேசப்படும் ஊர் இதுவே என்பது அறிஞர் கருத்து. 1985இல் தொடங்கித் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே அகழாய்வு செய்தது. 2012இலும் 2013இலும் பேராசிரியர் கா. இராசன் தலைமையில் புதுவைப் பல்கலைக்கழகம் மீண்டும் தோண்டியது. இரும்பு உருக்கிய உலைகள் வந்தன. பச்சைக்கல், படிகம், சூதுபவளம் ஆகியவற்றை அறுத்து, உருட்டி, துளையிட்டு மணிகளாக்கிய பட்டறைகளின் எச்சங்கள் வந்தன. முடிந்த மணிகளோடு பாதியில் உடைந்த மணிகளும், துளையிடாத மணிகளும் கிடைத்தன என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. பாதி வேலையில் போட்டுவிட்டுப் போன தொழிலாளி ஒருவன் அங்கே தெரிகிறான் அல்லவா? அரசனின் வாள் கிடைத்தால் வராத நெருக்கம், உடைந்த ஒரு மணியைப் பார்க்கும்போது வருகிறது. நம் கம்பெனிகளில் "செகண்ட்ஸ்" என்று ஒதுக்கி மூலையில் குவித்திருப்பதைத் தினமும் பார்க்கிற பிள்ளைகள் நாம்.

தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் ஐந்நூறுக்கும் மேல் அங்கே கிடைத்துள்ளன. ஆதன், சாத்தன் என்பன போன்ற ஆட்பெயர்கள் அவற்றில் உள்ளன. வணிகக் குழுவைக் குறிக்கும் "நிகம" என்ற சொல்லும் ஓர் ஓட்டில் இருக்கிறது. தங்கள் பானை மீது தங்கள் பெயரைக் கீறி வைத்தவர்கள் எழுதப் படிக்கத் தெரிந்த உழைப்பாளிகளும் வணிகர்களும் ஆவர். நூல் நூற்கும் தக்கிளிகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. ஆகவே, "இந்த ஊருக்கு நூலும் துணியும் நேற்று வந்தவை" என்று யாராவது சொன்னால் நொய்யல் கரைக்குக் கூட்டிப் போய்க் காட்டலாம்.

அந்தப் பச்சைக்கல் எங்கிருந்து வந்தது? காங்கயத்துக்குப் பக்கத்திலுள்ள படியூரிலிருந்து. நாம் பேருந்தில் தூங்கிக்கொண்டே கடந்து போகிற அதே படியூர்தான். அது எங்கே போயிற்று? பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரைத் துறைமுகங்களுக்கும், அங்கிருந்து மரக்கலம் ஏறி உரோமாபுரிக்கும் போயிற்று. பச்சைக்கல் இந்தியாவில்தான் விளைகிறது, பிற இடங்களில் அரிதாகவே கிடைக்கிறது என்று உரோமானிய அறிஞர் பிளினி முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். வந்த பணத்துக்குச் சாட்சியாக வெள்ளலூரிலும் கொங்கு நாட்டின் வேறு ஊர்களிலும் உரோமானியக் காசுகள் குவியல் குவியலாகக் கிடைத்தன.

இப்போது நம் காலத்துக்கு வாருங்கள். 1978இல் வெரோனா என்ற இத்தாலிய வணிகர் பம்பாய் ஏற்றுமதியாளர்கள் வழியாகத் திருப்பூருக்கு வந்து வெள்ளை டி-ஷர்ட் வாங்கினார். அதுதான் நம் ஊர் ஏற்றுமதியின் தொடக்கம் என்று தொழில் வரலாற்றில் எழுதுகிறார்கள். இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: அந்த மனிதர் முதல் இத்தாலிய வாடிக்கையாளர் அல்லர், இரண்டாயிரம் ஆண்டு இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்த வாடிக்கையாளர்! முதல் முறை கல் வாங்கினார்கள், இரண்டாம் முறை பனியன் வாங்கினார்கள். நடுவில் நாம் கணக்குப் புத்தகத்தைத் தொலைத்துவிட்டோம்.

கணக்குப் புத்தகம் என்றவுடன் ஓர் இத்தாலிய ஊரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். (நான் இத்தாலிக்குப் போனவன் அல்லன். நான் கைமடித்து அடுக்கிய டி-ஷர்ட்டுகள் போயிருக்கின்றன.) பிளாரன்சுக்குப் பக்கத்தில் பிராத்தோ என்றொரு நகரம் உண்டு. நம்மைப் போலவே துணியால் வாழும் ஊர். நம்மைப் போலவே ஓர் ஆறு, பெயர் பிசென்சியோ. பழைய கம்பளித் துணிகளைத் தரம் பிரித்து, கிழித்து, மீண்டும் நூலாக்கி நெய்வதில் அவர்கள் உலகப் புகழ் பெற்றவர்கள். நம் ஊரில் கட்டிங் வேஸ்ட்டை மூட்டை கட்டி எடைக்கு வாங்கும் வியாபாரம் எவ்வளவு பெரியது என்பது நமக்குத் தெரியும். அதை அவர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள், நாம் சொல்லிக்கொள்வதில்லை. அவ்வளவுதான் வேறுபாடு.

பிராத்தோவில் பதினான்காம் நூற்றாண்டில் தாத்தீனி என்றொரு வணிகர் இருந்தார். 1410இல் இறந்தார். வந்த கடிதத்தைக் கிழிக்கக் கூடாது, கணக்கை எறியக் கூடாது என்பது அவர் கட்டளை. அவர் வீட்டில் அடைந்து கிடந்த அந்தத் தாள்கள் 1870இல் வெளிப்பட்டன. ஏறத்தாழ 1,50,000 கடிதங்கள்! கம்பளி என்ன விலை, கப்பல் எப்போது வரும், மனைவி எதற்குக் கோபித்துக்கொண்டாள் என்பது வரை எல்லாம் அதில் இருக்கிறது. இடைக்கால ஐரோப்பிய வணிகத்தைப் பற்றி அறிய விரும்பும் எவரும் அந்தத் தாள்களைத் தவிர்க்க முடியாது. நம் ஊரிலோ ஒரு கம்பெனியை மூடினால் முதல் வேலை, பழைய பேரேடுகளைப் பழைய பேப்பர்க்காரருக்கு எடைக்குப் போடுவது.

இன்னொன்று கேளுங்கள். 1975இல் பிராத்தோவில் ஒரு துணி அருங்காட்சியகம் தொடங்கினார்கள். எங்கே? ஊரின் நெசவுத் தொழிற்பயிற்சிக் கல்விக்கூடத்தில்! மாணவர்கள் மாதிரி பார்த்துப் படிப்பதற்காகச் சேர்த்த துணித் துண்டுகளே அதன் மூலதனம். வளர்ந்து வளர்ந்து 2003இல் பழைய ஆலைக் கட்டடம் ஒன்றுக்குக் குடிபெயர்ந்தது. கல்விக்கூடத்தில் பிறந்தது என்ற செய்தியை மட்டும் நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அவ்வூர்த் திருவிழாவும் துணியைச் சுற்றியதே. தேவமாதாவின் இடைக்கச்சை என்று அவர்கள் நம்பும் ஒரு துணியைப் பேராலயத்தில் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஐந்து நாள் மட்டும் வெளியே எடுத்து, சிற்பி தொனத்தெல்லோ செதுக்கிய மேடையில் நின்று கூட்டத்துக்குக் காட்டுவார்கள். செப்டம்பர் 8ஆம் நாள் பெரிய ஊர்வலம் நடக்கும். அந்தக் கச்சையை மாதா யாரிடம் கொடுத்தாராம் தெரியுமா? நம் பரங்கிமலையோடு மரபு சேர்த்துச் சொல்லும் அதே தோமையாரிடம்! உலகம் சிறியது.

பிராத்தோவைச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கும் வெளியூரிலிருந்து பிழைக்க வந்த சீனத் தொழிலாளர்கள் பல்லாயிரவர் தையல் பட்டறைகளில் வேலை செய்கிறார்கள். 2013 டிசம்பரில் ஒரு பட்டறையில் தீப்பிடித்து, அங்கேயே தங்கி உழைத்த ஏழு பேர் மாண்டனர். பழம்பெருமை பேசும் ஊரில் இன்றைய உழைப்பாளி கண்ணுக்குத் தெரியாமல் போகக் கூடும் என்பதையும் அந்த ஊரிடமிருந்தே கற்றுக்கொள்ளலாம்.

சரி, நம் திருவிழாக்களுக்கு வருவோம். சித்திரையில் அவிநாசித் தேர். தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர்களுள் ஒன்று அது. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்டார் என்ற தலபுராணக் கதை நம்மில் பலருக்கும் தெரியும். ஆனால் தேர் எப்படித் திரும்புகிறது என்று எத்தனை பேர் கூர்ந்து பார்த்திருக்கிறோம்? அவ்வளவு பெரிய மரமலைக்குத் திருப்பும் சக்கரம் கிடையாது. சன்னக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்துக்கு அடியில், சரியான கோணத்தில், சரியான நொடியில் கட்டையைச் செருகுகிறார்கள். தேர் அதன் மேல் உராய்ந்து முகம் திரும்புகிறது. ஒரு நொடி பிந்தினால் கை போகும், தேர் கடைக்குள் போகும். வடம் பிடிக்கும் ஆயிரக்கணக்கானவர்களை எல்லாரும் படம் எடுக்கிறார்கள். கட்டை போடுகிறவரை யாரும் எடுப்பதில்லை. எனக்கு அவர் ஒரு பொறியாளராகவே தெரிகிறார். அவர் கைவேலையை அவரிடமே கேட்டு, நம் இயற்பியல் துறை நண்பர்கள் படம் வரைந்து ஒரு கட்டுரை எழுதினால் இந்த மலருக்கு அதைவிட அணி வேறென்ன?

அவிநாசியிலிருந்து திரும்பும் வழியில் திருமுருகன்பூண்டி. சுந்தரரிடம் இறைவனே வேடர் வடிவில் வழிப்பறி செய்ததாகச் சொல்லப்படும் ஊர். இன்று சாலை ஓரமெல்லாம் சிற்பக்கூடங்கள், உளிச்சத்தம் ஓய்வதில்லை. பாதி முகம் முடிந்த அம்மனும், தும்பிக்கை மட்டும் வெளிவந்த பிள்ளையாரும் வெயிலில் நிற்கிறார்கள். கல்லூரிக்குப் போகும் பேருந்தின் சன்னலில் தினமும் ஓடும் இந்தக் காட்சியைக் காசு கொடுத்துப் பார்க்க வைத்தால்தான் நாம் பார்ப்போம் போலும்! அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைகளைப் பற்றியும் இதையே சொல்லலாம்.

காங்கயம் பக்கத்துச் சிவன்மலையில் ஒரு வியப்பு உண்டு. ஆண்டவர் உத்தரவுப் பெட்டி என்று அதற்குப் பெயர். கோயில் தூணில் ஒரு கண்ணாடிப் பெட்டி. பக்தர் ஒருவர் கனவில் ஆண்டவர் வந்து ஒரு பொருளைச் சொல்ல, சுவாமியிடம் பூக்கேட்டு உத்தரவு பெற்று அந்தப் பொருளைப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த கனவு வரும்வரை அதுவே இருக்கும். மண், தண்ணீர், மஞ்சள் என்று எதுவும் வரலாம். அந்தப் பொருளால் நாட்டுக்கு நன்மையோ தீமையோ வரும் என்று மக்கள் பேசிக்கொள்வார்கள். நம்பிக்கை அவரவர் உரிமை, நான் அதற்குள் போகவில்லை. வரலாற்று மாணவனாக எனக்கு வியப்பூட்டுவது வேறு. ஒரே ஒரு பொருளைக் கண்ணாடிக்குள் வைத்து, "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று ஊரையே யோசிக்க வைக்கிறார்களே, உலகத்து அருங்காட்சியகங்கள் எல்லாம் செய்ய முயல்வது இதைத்தானே! ஒரு பிடி மண்ணின் முன் நம் மக்கள் கால்மணி நேரம் நின்று விவாதிக்கிறார்கள். "நம் மக்களுக்கு அருங்காட்சியகம் பார்க்கும் பழக்கம் இல்லை" என்று சொல்கிறவர்கள் சிவன்மலைக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

கண்ணபுரம் மாட்டுச்சந்தையைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது. எங்கள் அப்புச்சியின் ஊர்ப்பக்கம் அது. சித்திரையில் மாரியம்மன் பொங்கலை ஒட்டிக் கூடும். காங்கயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். ஆறு மாதம் ஆனால் நிறம் மாறி வெளுக்கும். காளை வளர வளரத் திமிலும் கழுத்தும் கறுக்கும். மாட்டைப் பார்க்கிறவர் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடையைப் பார்ப்பார், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். இந்த இனத்தைப் பேணி வளர்த்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் மாட்டை மட்டும் காப்பாற்றினால் போதாது. கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமும் வளரவிட்டு வைத்திருக்கும் கொறங்காடு இல்லாமல் காங்கயம் காளை இல்லை. மழை குறைந்த பூமியில், கிணறு இறைக்காமல் கால்நடை வளர்க்க நம் முன்னோர் கண்ட வழி அது. வேலி கட்டிய அந்தக் காட்டை நான் ஒரு காட்சிக்கூடம் என்றே எண்ணுகிறேன். கூரை இல்லை என்பது குறை ஆகாது. மனைப்பிரிவுக்காரரின் வண்ணக் கொடிகள் அதன் மேல் பறக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

அதே காங்கயம் வட்டாரத்தில் ஓலப்பாளையம் என்றோர் ஊர். 1960களில் பிரெண்டா பெக் என்ற மானிடவியலார் அங்கே வந்து தங்கினார். அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பல இரவுகள் பாடியதை 1965இல் நாடாவில் பதிவு செய்தார். கொங்கு நாட்டுச் சமூகத்தைப் பற்றி அவர் எழுதிய ஆய்வு நூல் 1972இல் வந்தது. நம் பாட்டன்மார் தூக்கம் விழித்துக் கேட்ட கதையை உலகம் அவர் வழியாக அறிந்தது. அவருக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும். அதே நேரத்தில் ஒரு கேள்வியும் எழத்தான் செய்கிறது: நாடாப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடல் கடந்து ஒருவர் வந்தபோது, பக்கத்து ஊர்க்காரர் ஏன் ஒருவரும் வரவில்லை? இன்று ஒவ்வொருவர் பையிலும் பதிவு செய்யும் கருவி இருக்கிறது. உடுக்கடிப்போர்தாம் குறைந்துவிட்டனர். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அண்ணன்மார் கதையையும் கும்மியையும் சாதிப் பெருமைக்கு மேடையாக்கும் போக்கு எனக்கு உடன்பாடில்லை. வள்ளி ஒயில் கும்மி ஆசான் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆண்கள் மட்டும் ஆடிவந்த அந்தக் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் அவர். கதவைத் திறந்தவரைத்தான் நாடு போற்றியது என்பதைக் கும்மி அரங்கேற்றத்துக்குப் பதாகை வைப்போர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் விடுதியில் ஒருநாள் பேசிக்கொண்டிருந்தபோது தேனிப் பக்கத்து நண்பன் ஒருவன் குறுக்கிட்டான். "எல்லாம் சரிடா. இதெல்லாம் உங்க ஊர்க் கதை. எங்கம்மா பனியன் கம்பெனிக்கு வந்து பதினஞ்சு வருஷம் ஆச்சு. எங்களுக்கு இதுல என்ன இருக்கு?" என்றான். நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரையில் நான் மிகவும் யோசித்தது இதைத்தான்.

1920களில் கல்கத்தாவிலிருந்து கையால் சுற்றும் பின்னல் இயந்திரங்கள் வந்து சேர்ந்த நாளிலிருந்து, இந்த ஊர் வந்தவர்களால் ஆன ஊர். கதரும் பருத்திச் சந்தையுமாக இருந்த ஊருக்குப் பின்னல் வந்தது. சுற்றுவட்டாரத்து உழவர்கள் வந்தார்கள். பிறகு மதுரை, தேனி, தஞ்சை. இப்போது பீகார், ஒடிசா, அசாம். குமரனே சென்னிமலையிலிருந்து வந்தவர்தானே! 1904இல் பிறந்து, இங்கே பஞ்சாலையில் கணக்கெழுதி, 1932 ஜனவரி 10ஆம் நாள் கொடியோடு அடிபட்டு, மறுநாள் உயிர்நீத்தார். பெயரோ திருப்பூர் குமரன்! ஊர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை. ஆகவே என் நண்பனின் அம்மா கொண்டுவந்த தகரப் பெட்டியும், அவர் வாங்கிய முதல் சம்பளக் கவரும், தீபாவளிக்கு முதல் நாள் பேருந்து நிலையத்தில் விடிய விடிய நின்ற கூட்டத்தின் ஒரு படமும் இல்லாமல் திருப்பூருக்கு ஓர் அருங்காட்சியகம் அமைத்தால் அது பொய்க் கூடமாகவே இருக்கும். அவனிடம் இதைச் சொன்னேன். "பெட்டியைத் தர மாட்டா, அதுல இன்னும் அரிசி இருக்கு" என்றான்.

பொருள்கள் மறைந்துகொண்டிருக்கின்றன, அதுதான் என் அவசரம். என் அப்புச்சி இளமையில் சுற்றிய கைப்பின்னல் இயந்திரம் ஒன்றை அண்மையில் ஒரு பழைய பட்டறையிலிருந்து எடைக்குப் போட்டார்கள். இரும்பு விலைக்குப் போயிற்று. அவர் அதன் வட்டத்தில் இருந்த ஊசிகளின் எண்ணிக்கையைக்கூட மறக்காமல் சொல்வார். கோயம்புத்தூரில் கஸ்தூரி சீனிவாசன் பெயரால் கலைக்கூடமும் துணி அருங்காட்சியகமும் இருக்கின்றன. ஈரோட்டில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. நம் ஊரில் பின்னலாடையின் கதையை ஒரு தொழிலாளியின் பிள்ளை போய் நின்று பார்க்கும்படியான கூடம் எதையும் நான் கண்டதில்லை. 2023 மார்ச்சில் கீழடியில் அருங்காட்சியகம் திறந்தார்கள். போனவர்கள் வாய் ஓயாமல் பேசுகிறார்கள். கொடுமணலின் உடைந்த மணிக்கும் அப்படியொரு வெளிச்சம் வேண்டும் என்று நாம் கேட்டால் அதில் தவறென்ன?

"முதலில் கூலியைப் பேசு, தண்ணீரைப் பேசு, பிறகு பழம்பொருளைப் பேசலாம்" என்பார் சிலர். என் மாமா அந்தக் கட்சி. அவருக்கு என் விடை: நான் கேட்கும் கூடத்தில் கூலியும் தண்ணீரும்தான் முதலிடம் பெறும். 1984இல் பஞ்சப்படி கேட்டு இவ்வூர்த் தொழிலாளர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நூற்று இருபத்தேழு நாள் எத்தனை வீடுகளில் என்ன சமைத்தார்கள், யார் கடன் கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதி வைக்க அன்று இருபது வயதாக இருந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். இன்னும் எத்தனை நாள்? நொய்யலின் கதையும் அப்படியே. சாயக்கழிவு போய்த் தேங்கிய ஒரத்துப்பாளையம் அணை, கொடுமணலுக்கு அருகிலேயே இருக்கிறது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது என் வயதுப் பிள்ளைகள் பலருடைய வீடுகளில் வேலை போயிற்று. அணைக்குக் கீழே இருந்தவர்களுக்கோ அதற்கு முன்பே நிலம் போயிருந்தது. சுப்ரபாரதிமணியன் "சாயத்திரை" என்று ஒரு நாவலே எழுதியிருக்கிறார். மணி செய்து உலகுக்கு அனுப்பிய கரையும் சாயநீர் தேங்கிய கரையும் ஒரே ஆற்றின் கரைகள். இவ்விரண்டையும் ஒரே அறையில் அடுத்தடுத்து வைக்கத் துணிவிருந்தால்தான் அந்த அறைக்கு மதிப்பு. வெறும் ஏற்றுமதிக் கோடிகளை மின்விளக்கில் எழுதி வைக்கும் கூடத்துக்கு நான் சீட்டு வாங்க மாட்டேன்.

இவ்வளவும் அரசு செய்ய வேண்டும், ஏற்றுமதியாளர் செய்ய வேண்டும் என்று மனு எழுதிவிட்டு உட்காருவது எளிது. பிராத்தோவில் அது ஒரு கல்விக்கூடத்தில் தொடங்கியது என்று முன்பே சொன்னேன். நம் கல்லூரியில் வரலாற்றுத் துறைக்குப் பின்புறம், உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்திருக்கும் அறை ஒன்று இருக்கிறது. அதைத் துறைத்தலைவர் மனம் வைத்தால் காலி செய்யலாம். பெஞ்சு தூக்க நாங்கள் இருக்கிறோம். நம் மாணவர்களில் பாதிப்பேர் மாலையில் கம்பெனிக்குப் போகிறவர்கள். செக்கிங், கைமடி, பவர் டேபிள், அயர்ன் என்று ஒவ்வொருவர் வீட்டிலும் ஏதேனும் ஒரு பொருள் இருக்கும். வேறெந்தக் கல்லூரிக்கும் இல்லாத செல்வம் இது. பொருளை வாங்கும்போதே யார் வைத்திருந்தார், எந்த ஆண்டு முதல், எதற்குப் பயன்பட்டது என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டிவிட வேண்டும். சீட்டு இல்லாத பொருள் பழைய சாமான்தான். தமிழ்த்துறையினர் கம்பெனிச் சொற்களைத் தொகுக்கலாம். அகராதியில் இல்லாத எத்தனை சொற்கள் இந்த ஊரில் புழங்குகின்றன! கல்விச் சுற்றுலாவுக்கு இவ்வாண்டு ஒரு நாள், ஒரே ஒரு நாள், பேருந்தைக் கிழக்கே திருப்பிக் கொடுமணல், சிவன்மலை, ஓலப்பாளையம் என்று ஓட்டிப் பார்க்கலாம். மைசூருக்கு ஆகும் செலவில் நாலில் ஒரு பங்குகூட ஆகாது. மீதிப் பணத்தில் மைசூர்க் கட்சிக்கு ஒரு விருந்து வைத்துவிடலாம்.

முதற்பொருளுக்கு ஏற்பாடு ஆகிவிட்டது. எங்கள் அத்தை இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிசிர் வெட்டிய சிறு கத்தரி ஒன்று வைத்திருக்கிறார். விரல் படும் இடம் தேய்ந்து பளபளவென்று இருக்கும். கேட்டபோது, "இதைப் போய் எதுக்குக் கண்ணு கண்ணாடிக்குள்ள வெக்கோணும்?" என்று சிரித்தார். பிறகு தருவதாக ஒப்புக்கொண்டார். புதுக்கத்தரி கைக்குப் படியாவிட்டால் திரும்பக் கேட்பேன், அப்போது மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. அதையும் சீட்டில் எழுதியிருக்கிறேன்.